குஸ்ரு காசில் ஒரு துளை

ஈரானை ராஜா ஆண்ட கடைசிக் காலத்தில் சகாயசெல்வி ஷிராஸ் நகரத்தில் நர்ஸாக இருந்தாள். கூட இருந்த பெண்கள் சம்பளம் கைக்கு வந்ததும் பவுன் கடைக்குப் போனார்கள். இவள் ஆஸ்பத்திரி வாசலில் நீலக்கல் மோதிரம் விற்கும் கிழவனிடம் போனாள். அவன் பெட்டிக்கு அடியில் ஒரு துணி முடிச்சு இருக்கும். அவிழ்த்தால் அந்த நாட்டுப் பழைய ராஜாக்களின் வெள்ளிக் காசுகளும், புளியங்கொட்டை அளவில் சிவப்புக் கல் முத்திரைகளும் கிடக்கும். ஒரு முத்திரையை மெழுகில் அழுத்திக் காட்டினான். திமில் வைத்த காளை ஒன்று எழுந்து நின்றது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம் அவளை விடவில்லை.

அங்கே கலகம் வந்து எல்லோரும் ஊர் திரும்பினார்கள். செல்வி, பவுடர் டப்பாவுக்குள் காயத்துணியில் சுற்றிய காசுகளோடு திண்டிவனத்தில் வந்து இறங்கினாள்.

"அவ அவ கழுத்து நெறைய போட்டுக்கினு வர்றாளுங்க. நீ செல்லாக் காசு கொண்டாந்திருக்கிற" என்றாள் அவள் அம்மா.

அதற்குப் பிறகு கல்யாணம் ஆயிற்று, பிள்ளை பிறந்தான், புருஷன் போய்ச் சேர்ந்தான், தனியார் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. எந்த நெருக்கடியிலும் டப்பாவில் அவள் கை வைக்கவில்லை. அதில் இருந்த காசுகளிலேயே அவளுக்கு உயிர் பழைய பாரசீக ராஜா இரண்டாம் குஸ்ருவின் காசு. அகலமாக, அப்பளம் போல மெல்லிசாக இருக்கும். ஒரு பக்கம் இறக்கை வைத்த கிரீடத்தோடு ராஜா. மறுபக்கம் நெருப்பு மேடையும் இரண்டு காவலாட்களும். விளிம்பில் ஒரு சின்ன வெட்டு உண்டு. வெள்ளி நல்லதா என்று பார்க்க எந்தக் காலத்திலோ எவனோ கத்தி வைத்திருக்கிறான்.

1993இல் விழுப்புரத்தில் நாணயம் சேர்ப்பவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். தலைவர் தேவசகாயம், ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர். செயலாளர் அரங்கநாதன், ஸ்டேஷன் பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்பு, ஷீல்டு, மெடல் செய்யும் கடை வைத்திருந்தவர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றில் உட்கார்ந்து, வேகவைத்த வேர்க்கடலையை, அந்தப் பக்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, தின்றுகொண்டு காசு பேசுவார்கள். செல்வி திண்டிவனத்திலிருந்து பஸ் பிடித்துப் போவாள். அந்தக் கூட்டத்தில் ஒரே பெண் அவள்தான். முதல் நாள் டப்பாவைத் திறந்தபோது அறையே அவளைச் சுற்றி நின்றது. "இந்த ஜில்லாவுலயே பாரசீகக் காசு சிஸ்டர்கிட்டதான் இருக்குது" என்றார் தேவசகாயம். அவள் வாழ்க்கையில் யாரும் அவளை அப்படி நிமிர்ந்து பார்த்ததில்லை.

மறு வருஷம் கண்காட்சி. குஸ்ரு காசின் படத்தை வெட்டு தெரிகிற மாதிரிப் பெரிதாக எடுத்து வாசலில் மாட்டினார்கள். முடிந்ததும் அரங்கநாதன், "எல்லாத்தையும் நல்லா போட்டோ எடுத்துக்கறேன் சிஸ்டர், அடுத்த கூட்டத்துக்குக் கொண்டாந்து குடுத்துடறேன்" என்றார். செல்வி கொடுத்தாள். சங்கத்து ஆளிடம் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவில்லை.

சொன்னபடியே திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்து காளை முத்திரையை எடுத்தாள். குழந்தையின் பால் புட்டியைச் சோதிப்பது போல மணிக்கட்டின் உள்பக்கம் வைத்துப் பார்ப்பது அவள் பழக்கம். கல் என்றால் வெகுநேரம் குளிர்ந்திருக்கும். இது வைத்ததுமே வெதுவெதுத்தது. குஸ்ரு காசை எடுத்தாள். வெட்டு அதே இடத்தில் இருந்தது. ஆனால் கத்தி பட்ட கூர்மை இல்லை, சப்பிய மிட்டாய் போல மழுங்கியிருந்தது. மெடல் வார்க்கிறவனுக்குக் காசு வார்க்கத் தெரியாதா? அசலை வைத்துக்கொண்டு அச்சு எடுத்துக் கொடுத்திருக்கிறான். அந்த நிமிஷத்திலிருந்து அவள் மனசுக்குள் அவர் 'அவன்' ஆனான்.

அடுத்த கூட்டத்தில் எல்லார் முன்னாலும் கேட்டாள். அரங்கநாதனுக்கு முகம்கூட மாறவில்லை.

"டூரிஸ்டுக்கு விக்கறதை வாங்கியாந்துட்டு என் மேல பழி போடறீங்களே சிஸ்டர். நீங்க ஊசி போடற ஆளு. காசு பாக்கறது வேற வேலை."

சிரிப்பு கிளம்பியது. தேவசகாயம் லென்ஸ் வைத்துப் பார்த்தார். "இது வார்த்ததுதான். ஆனா இவரு மாத்தினாருன்னு எதை வச்சு சொல்றது? அன்னைக்கு டப்பாவுக்குள்ள பாத்தோம், கண்காட்சில கண்ணாடிக்குள்ள பாத்தோம். நாங்க யாரும் கையில எடுத்துப் பாக்கலியே."

அதோடு முடிந்தது. அவளுக்குப் பின்னால் 'போலிக்காசு சிஸ்டர்' என்று ஒரு பெயர் மிஞ்சியது. காசு போனதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். ஆனால் அந்தப் பெயரை அவன் வாயாலேயே, அதே ஆட்கள் முன்னால் எடுக்க வைக்காமல் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். கோயிலுக்குப் போய் மன்னிக்கும் மனசு கேட்கவும் இல்லை. பாதிரியார் கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பாள்.

சங்கத்தை விட்டு அவள் விலகவில்லை. அவன் கண்ணில் படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். "சிஸ்டருக்கு இன்னும் கோவம் தீரல" என்று அவன் கேலி செய்வான். மல்லாட்டையை உரித்துக்கொண்டே கேட்டுக்கொள்வாள். இப்படியே வருஷங்கள் ஓடின.

விழுப்புரத்து நர்சிங் ஹோம் ஒன்றில் பிரசவ வார்டுக்கு அவள் மாறிய பிறகு, 2006இல், ஒரு பெண் தலைப்பிரசவத்துக்கு வந்தாள். கூட வந்த அம்மாவின் பெயர் அம்சா. விலாசம் கேட்டபோதுதான் அரங்கநாதனின் பெண்டாட்டியும் மகளும் என்று தெரிந்தது. செல்வி முகத்தில் எதையும் காட்டவில்லை. சிக்கலான பிரசவம். தாயையும் பிள்ளையையும் பத்திரமாகப் பிரித்துக் கொடுத்தாள். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை, அது தொழில். அம்சா அவள் கையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையைக் குளிப்பாட்ட வீட்டுக்கு வரவேண்டும் என்றாள்.

முதல் நாள் வீட்டு வாசலில் அவளைப் பார்த்த அரங்கநாதன் செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குப் போனான். வேண்டாம் என்றால் ஏன் என்று பெண்டாட்டி கேட்பாள். சொன்னால் திருட்டும் வெளியே வரும். அம்சாவுக்குக் காசு சங்கதி எதுவும் தெரியாது. "அவரும் அவரு ஓட்டை ஒடைசலும். அந்த பீரோவை யாரும் தொடக்கூடாதாம்" என்பாள்.

பத்தாவது மாதம் குழந்தையின் இடுப்பைச் சுற்றிச் சிவந்து கொப்பளித்தது. கடையில் வாங்கிய வெள்ளி அரைஞாண். செல்வி அதைக் கழற்றச் சொல்லி மருந்து போட்டாள்.

"கலப்பட வெள்ளிம்மா. பச்சைப் புள்ள தோலுக்கு ஆவாது. நல்ல வெள்ளி கெடைக்கற வரைக்கும் ஒண்ணும் கட்டாதீங்க" என்றாள். அது உண்மையும்கூட.

"அடுத்த மாசம் கோலியனூர் கோயில்ல மொட்டை போட்டு காது குத்தறோம். தாய்வீட்டுச் சீருன்னு அரைஞாண்ல ஒரு காசு கோத்துக் கட்டியாவணுமே. சம்பந்தி வூட்டுல என்ன நெனைப்பாங்க?" என்ற அம்சா சட்டென்று எழுந்தாள். "இருங்க. அந்த பீரோல இல்லாத பழைய வெள்ளியா?"

"சாவி?"

"இத்தினி வருஷம் குடித்தனம் பண்ணிட்டு சாவி எங்க இருக்குதுன்னு தெரியாமயா இருப்பேன்?"

வெல்வெட் துணி விரித்த தட்டு ஒன்று செல்வியின் முன்னால் வந்தது. அவளுடைய காசுகள் எல்லாம் வரிசையாக இருந்தன. காளை முத்திரை ஓரத்தில் இருந்தது. மணிக்கட்டில் வைத்தாள். குளிர்ந்தது.

"எனக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது. எது நல்லதுன்னு நீங்களே எடுங்க சிஸ்டர்" என்றாள் அம்சா. உள்ளே குழந்தை அழுதது. எழுந்து போனாள்.

தட்டும் செல்வியும் மட்டும் இருந்தார்கள். பை திறந்தே கிடந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு போயிருக்கலாம். போனால் நாளைக்கே 'திருடிக்கினு போயிட்டாங்க' என்பான், போலிக்காசு சிஸ்டர் திருட்டு சிஸ்டர் ஆவாள். விசேஷத்துக்குச் சங்கமே வரும். அரைஞாணுக்கு வேறு ஏதாவது காசை எடுத்துக் கொடுக்கலாம். ஆனால் அதையெல்லாம் 'எனக்கு வேற எடத்துல கெடைச்சுது' என்று சொல்லித் தப்பிப்பான். அடையாளம் உள்ளது ஒன்றுதான். வாசலில் படம் மாட்டிய, வெட்டு விழுந்த குஸ்ரு.

அதில் துளை போட்டால் செத்தது. ஆயிரத்து நானூறு வருஷம் முழுசாக வந்த காசு அரைஞாண் குண்டுமணி ஆகிவிடும். செல்வி அதைக் கொஞ்ச நேரம் விரலில் வைத்திருந்தாள். அவன் பீரோவில் முழுசாக இருப்பதைவிட அவன் மானம் போக ஓட்டையாகட்டும்.

அம்சா திரும்பி வந்ததும் நீட்டினாள். "இது நல்ல வெள்ளி. மெல்லிசா இருக்குது, துளை போட சுலபம். கிரீடத்துக்குப் பக்கத்துல போடச் சொல்லுங்க. இந்த வெட்டு இருக்கிற பக்கம் வேணாம், கிழிஞ்சுடும்."

"அவருகிட்ட இப்ப சொல்ல மாட்டேன். குதிப்பாரு. கட்டினப்புறம் கழட்டவா போறாரு?"

அன்றைக்கு செல்வி வீட்டுக்குப் போய்க் கேப்பைக்கூழ் குடித்துவிட்டு நன்றாகத் தூங்கினாள்.

காதுகுத்துக்கு சங்கத்து ஆட்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். செயலாளர் வீட்டு விசேஷம். செல்வி தேவசகாயத்துக்குப் பக்கத்தில் நாற்காலி பிடித்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் பூசி, தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்தார்கள். அம்சா பெருமையாக அரைஞாணைக் கட்டினாள். ஆசாரி ஊசியை எடுத்ததும் குழந்தை முறுக்கிக்கொண்டு கத்தியது. இடுப்பில் அகலமாக ஒன்று பளிச்சென்று ஆடியது.

"மேல என்ன பாக்கறீங்க தலைவரே, கீழ பாருங்க. இடுப்புல" என்றாள் செல்வி.

தேவசகாயம் பார்த்தார். எழுந்து போய்க் குனிந்தார். அவர் சட்டைப் பையில் லென்ஸ் இல்லாத நாளே கிடையாது. காதுகுத்துகிற இடத்தில் குழந்தையின் இடுப்பை ஒரு பெரியவர் லென்ஸ் வைத்துப் பார்ப்பதைக் கண்டு சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள். பந்தியை மேற்பார்வை பார்த்துவிட்டு வந்த அரங்கநாதன் அப்போதுதான் பார்த்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"அரங்கநாதா, இது எங்கேந்து வந்துது?"

"அது... ரொம்ப நாளா நம்மகிட்ட இருக்குது. மெட்ராஸ்ல வாங்கினது."

செல்வி பர்ஸிலிருந்து தன்னிடம் இருந்த வார்ப்பை எடுத்துத் தேவசகாயத்தின் கையில் வைத்தாள். "இதையும் பாருங்க."

அவர் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வெட்டு ரெண்டுலயும் ஒரே எடத்துல. கத்தி ஒருக்காத்தான் படும் அரங்கநாதா. இது கூர்மையா இருக்குது, அது மழுங்கிக் கெடக்குது. இதுலேந்துதான் அதை வார்த்திருக்குது. அசலு உன் வூட்டுல எப்பிடி?"

அரங்கநாதன் செல்வியின் பக்கத்தில் வந்து குரலை இறக்கினான். "சிஸ்டர், சம்பந்தி பாக்கறாங்க. நாளைக்கே எல்லாத்தையும் கொண்டாந்து குடுத்துடறேன். இங்க வேணாம்."

"நீங்க என்னை எங்க வச்சுப் பேசினீங்க? இதே ஆளுங்க முன்னால. சொல்லுங்க."

"என்னத்த?"

"போலி யாரு செஞ்சாங்கன்னு. காதுல விழற மாதிரி சொல்லுங்க. இல்லாங்காட்டி நான் சொல்றேன், சம்பந்தியம்மா காதுல."

அவன் சொன்னான். முதல் தடவை வாய்க்குள்ளேயே போயிற்று. "கேக்கலப்பா" என்றார் தேவசகாயம். "நான்தான் மாத்தினேன்" என்று மறுபடி சொன்னான். ஒருவரும் சிரிக்கவில்லை. செல்விக்கு அந்த அமைதி, வெயிலில் நடந்து வந்தவளுக்குச் செம்பு நிறையத் தண்ணீர் கிடைத்த மாதிரி இறங்கியது.

அம்சா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்னால் வந்தாள். "இது உங்களுதுன்னு தெரிஞ்சுதான் எடுத்துக் குடுத்தீங்களா?"

"தெரிஞ்சுதான்."

அம்சா புருஷனையும் பார்த்தாள், இவளையும் பார்த்தாள். குழந்தையின் இடுப்பிலிருந்து அரைஞாணை அவிழ்த்தாள்.

மறுநாள் திண்டிவனத்துக்கு அவள்தான் தட்டோடு வந்தாள். செல்வி ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். எல்லாம் அசல். கடைசியில் அம்சா முந்தானையிலிருந்து குஸ்ரு காசை எடுத்து வைத்தாள்.

"அது பேரனுக்கே இருக்கட்டும் அம்சாம்மா. துளை போட்டாச்சு, எனக்கு எதுக்கு?"

"வேணாம். உங்க ரெண்டு பேரு வஞ்சத்தை எங்க புள்ள எதுக்கு இடுப்புல சுமக்கணும்? இனிமே பொறக்கற என் பேத்தி பேரனையும் நீங்கதான் குளிப்பாட்டுவீங்கன்னு நெனச்சுக்கினு இருந்தேன் சிஸ்டர்." வைத்த தண்ணீரைத் தொடாமல் எழுந்து போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட மாட்டார்கள் என்று செல்விக்குத் தெரியும். காசை எடுத்து நீட்டியபோதே தெரியும்.

2008 கண்காட்சியில் அவளுக்குத் தனி மேஜை கொடுத்தார்கள். நடுவில் குஸ்ரு. ஒவ்வொரு காசுக்கும் ராஜா, காலம், நிலை என்று சீட்டு எழுதி வைப்பது சங்கத்து வழக்கம். அவள் எழுதியிருந்தது: 'இரண்டாம் குஸ்ரு, வெள்ளி. விளிம்பில் பழங்கால வெட்டு. துளை: 2007. காரணம்: அரங்கநாதன், விழுப்புரம்.'

தேவசகாயம் படித்துவிட்டுத் தாடையைச் சொறிந்தார். "சீட்டுல உள்ளது முழுசா இருக்கணும் சிஸ்டர். துளை போட எடுத்துக் குடுத்தது யாரு?"

செல்வி பேனாவை வாங்கினாள். கீழே இன்னொரு வரி சேர்த்தாள்: 'தேர்ந்தெடுத்தவர்: சகாயசெல்வி, திண்டிவனம்.' மை காயும் வரை ஊதிவிட்டு, வருகிறவர்களுக்கு நேராகத் தெரியும்படி சீட்டைத் திருப்பி வைத்தாள்.