மவுஸின் மேல் கைக்குட்டை

அந்த வெள்ளைக் கைக்குட்டையை நான் இன்றும் மறக்கவில்லை. மலேசியாவின் ஈப்போ நகரில் நான் கணினியில் எழுத்துக் கோத்த அச்சகத்தின் முதலாளி, நான் எழுந்ததும் அதை மவுஸின் மேல் விரித்து, அதன் மேல்தான் கை வைப்பார். அவருடைய மருமகன் எழுந்தால் விரிக்கமாட்டார்.

எண்பதுகளின் கடைசி. நாங்கள் கூலிக்குப் பால் வெட்டிய ரப்பர் தோட்டத்தை, வீடு கட்ட விற்றுவிட்டார்கள். நாங்கள் ஈப்போவின் புந்தோங் பகுதியில் ஒரு வாடகை அறைக்கு வந்திருந்தோம். அச்சகத்தில் இருந்தது யாரோ பயன்படுத்தி விற்ற மெக்கிண்டாஷ். தமிழ் எழுத்துரு, அதை இயக்கும் பழைய சிஸ்டத்தில் மட்டுமே ஓடியது. ஆங்கிலப் பக்கங்களுக்காக வாங்கிய மென்பொருளோ புதிய சிஸ்டத்தைக் கேட்டது. "ரெண்டையும் ஓட வச்சுக் காட்டு பிள்ள, இங்கிலீஷ் வேலையும் உனக்குத்தான்" என்றார் முதலாளி. அந்த ஒரு வார்த்தைக்காக அகராதியை மடியில் வைத்துக்கொண்டு கையேட்டைப் படித்தேன். கோப்புகளை எல்லாம் டிஸ்கெட்டுகளில் எடுத்து வைத்துவிட்டு, ஹார்ட் டிஸ்கை அழித்து இரண்டாகப் பிரித்தேன். ஒரு பாகத்தில் பழையது, மறு பாகத்தில் புதியது. திரையின் ஓரத்தில் இரண்டும் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. 'தமிழ்', 'ஆங்கிலம்' என்று பெயரிட்டேன்.

முதலாளி கைக்குட்டையை விரித்து உட்கார்ந்தார். என் பெயர்களை அழித்துவிட்டு, பென்சில் முனையால் விசைகளை ஒவ்வொன்றாகக் குத்தி, கீழே இருந்த தமிழை 'தோட்டம்' என்றும் மேலே இருந்த ஆங்கிலத்தை 'ஆபீஸ்' என்றும் மாற்றினார்.

"கீழ உள்ளது உனக்கு. மேல உள்ளத மருமவன் பாத்துக்குவான். தோட்டத்துக் கையெல்லாம் அதுல படக்கூடாது லா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மருமகனும் சிரித்தான். பைண்டிங் செய்யும் அக்கா என் காதருகே வந்து, "உள்ள ரெண்டாப் பிரிச்சாச்சு, மவுஸ் ஒண்ணுதானே இருக்கு? அதையும் அறுக்கச் சொல்லு லா!" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதித்தேன். வேலையை விடவும் முடியவில்லை. மறுநாளிலிருந்து எழும்போதெல்லாம் மவுஸை நானே துடைத்து வைத்தேன், அந்தக் கைக்குட்டை வெளியே வராமல் இருக்கட்டும் என்று. அப்படியும் அவர் விரித்தார்.

போன வாரம் என் மகன் பழைய மெக் ஒன்றை வாங்கி வந்து, அதன் டிஸ்கைப் பிரித்து இரண்டு சிஸ்டம் போட்டுக்கொண்டிருந்தான். அடுத்த மாதம் கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்கிறான். அங்கே அவனை யார் எந்தப் பக்கம் நிறுத்துவார்களோ என்று எனக்குத் தூக்கம் வருவதில்லை. "ம்மா, ரெண்டுக்கும் நீங்களே பேர் வைங்க" என்று எழுந்து இடம் கொடுத்தான். 'தமிழ்', 'ஆங்கிலம்' என்று தட்டிவிட்டு எழுந்தேன்.

"ஏம்மா அதைத் துடைக்கிறீங்க?" என்றான்.

குனிந்து பார்த்தேன். என் முந்தானை மவுஸின் மேல் இருந்தது.