மயிலாத்தாளின் ஞாயிற்றுக்கிழமை

அரைத்த மல்லித்தூளில் ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்து மோந்து பார்க்கிறாள் மயிலாத்தாள். முகம் கோணுகிறது. "ஏனுங் அக்கா, வறுத்தது பத்தலீங்க. பச்சை வாசம் அடிக்குது. மிச்சத்தையாவது ஊட்டுக்குக் கொண்டுபோயி இன்னொருக்கா வறுத்துப்போட்டு வாங்க." வந்த வேலையைத் திருப்பி அனுப்பும் மாவு மில்காரி துடியலூர்ப் பக்கம் இவள் ஒருத்திதான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். அவள் அப்பனும் அதே தெருவில் இருக்கும் கருப்புசாமியின் அப்பனும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்; ஒரே தோட்டத்தில் பண்ணயத்துக்குக் கூலியாளாக நின்றவர்கள். மூத்தவரான அவள் அப்பன் கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார், இளையவர் மாரியம்மனோடு நின்றார். அதற்காகச் சோறு தண்ணி பிரியவில்லை. மாரியம்மன் திருவிழா நோம்பி வந்தால் தெருவுக்கே மாவிளக்கு மாவு மயிலாத்தாள் மில்லில்தான். முதல் நாளே மிளகாய் அரைப்பதை நிறுத்திவிடுவாள். கல்லைக் கழற்றித் துடைத்து, பச்சரிசி போட்டு ஓட்டி, அந்த மாவைக் கோழிக்குக் கொட்டிவிட்டுத்தான் அம்மனுக்கு அரைப்பாள். "சாமி வேறயா இருந்தாலும் காரம் காரந்தானுங்களே!"

மில்லுக்குப் பின்னால் அவள் வீடு. கூடத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பார்கள், பாடுவார்கள். மைக் கிடையாது, கஞ்சிரா மட்டும் உண்டு. போன வருஷம் அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்த ஒருவர் புகார் கொடுத்தார். அதிகாரி வந்தார். வீட்டில் கூடி ஜெபிக்க அனுமதி வாங்கவில்லை என்றார், கூடத்தைப் பூட்டிச் சீல் வைத்துவிட்டுப் போனார். தன் சம்பாத்தியத்தில் கட்டிய கூடத்துக்குள் தானே நுழைய முடியாமல் நின்றாள். அடுத்த ஞாயிறு பூட்டிய கதவுக்கு முன்னால் சந்தில் சாக்கு விரித்து உட்கார்ந்தாள். "சீல் வெச்சது கதவுக்குத்தானுங்க, வாய்க்கு இல்லீங்களே."

தாலுகா ஆபீசில் அமைதிப் பேச்சுவார்த்தை என்று அவளையும் தெருக்காரர்களையும் கூப்பிட்டார்கள். அதிகாரி தன்மையாகத்தான் பேசினார். "அம்மன் பேரை வெச்சுக்கிட்டு உனக்கு எதுக்கம்மா இந்த வம்பு?"

"பேரு எங்கப்பனைப் பெத்த அப்பாரு வெச்சதுங்க. கும்படற சாமி நானாப் புடிச்சதுங்க. ரெண்டையும் உட மாட்டனுங்க."

அதே தெருவின் நூல் மில் முதலாளி வீட்டு வரலட்சுமி பின்வரிசையிலிருந்து எழுந்தார். "எங்க ஊட்டு மாவிளக்கு இவ அரைச்ச மாவுலதானுங்க எரியுது. அம்மனே ஒண்ணும் சொல்லலை, உங்களுக்கு என்னங்க?" தெருவே ஆமாம் போட்டது. கருப்புசாமி கைதட்டினார். புகார் கொடுத்தவர் தலையைக் குனிந்துகொண்டார். "சரி, தெருவுக்குச் சம்மதம்னா திறந்துவிடறேன்" என்றார் அதிகாரி.

அங்கேதான் மயிலாத்தாள் குறுக்கே கை நீட்டினாள். "இருங்க சார். அக்கா சொன்னது பெரிய மனசுங்க. நாளைக்கு அக்காளுக்கு எம்மேல கோவம் வந்து சொல்லாமப் போனா, அப்ப எனக்கு இல்லீங்களா? தெரு குடுத்தா தெருவே திருப்பிப் புடுங்கிக்குமுங்க. எனக்குத் தயவு வேண்டாமுங்க. எனக்கு உள்ளதைக் குடுங்க."

வரலட்சுமிக்கு முகம் சுருங்கிவிட்டது. "பேசறா பாரு... ஆனா அவ கேக்கறது நாயந்தான்" என்று உட்கார்ந்தார். அப்படியானால் கோர்ட்டில் பார்த்துக்கொள் என்று அதிகாரி எழுந்துவிட்டார்; கூடத்தைத் திறக்கவில்லை.

வெளியே வந்ததும் கருப்புசாமி பிடித்துக்கொண்டார். "குடுக்கறதை வாங்கிப்போட்டு வாரதில்லையா? உனக்கு அம்புட்டுக் கொழுப்பா?"

"கொழுப்புதான் அண்ணா. நம்ம அப்பனுங்களுக்கு இல்லாத கொழுப்பு."

கூட வந்திருந்த வக்கீல் ரம்ஷா சிரித்தாள். "மயிலக்கா, நீங்க சொன்னதைத்தான் நான் கோர்ட்டுல இழுத்து இழுத்துச் சொல்லோணும்."

"வளத்தாமச் சொல்லு அம்மணி. அய்யாமாருக்கு வேற சோலி இருக்கும்."

ஐப்பசி மழை போயிற்று. கிறிஸ்துமஸும் சந்திலேயே போயிற்று. நட்சத்திரத்தைப் பூட்டிய கதவின் நிலையிலேயே கட்டினாள். மாசி மாதத்தில் தீர்ப்பு வந்தது. சொந்த வீட்டில் அமைதியாகக் கூடி ஜெபிக்க யார் அனுமதியும் வேண்டியதில்லை, அது குடிமக்களுக்குச் சட்டம் கொடுத்த உரிமை, பூட்டியது தவறு, உடனே திற. ரம்ஷா போனில் படித்துச் சொல்லச் சொல்ல, "இன்னொருக்கா வாசி கண்ணு" என்று கேட்டுக்கொண்டே மில் கல்லை இறுக்க மறந்து, யாருடைய கோதுமையையோ ரவையாக்கிவிட்டாள்.

ஞாயிறு காலை. பூட்டிய அதே அதிகாரி வந்து சீலை உடைத்துத் திறந்தார். நோம்பிக்கு எடுத்து வைத்திருந்த சரவெடியைக் கருப்புசாமி கொளுத்திவிட்டார். பெண்கள் குலவை போட்டார்கள். சிலர் அழுதார்கள். மயிலாத்தாள் அழவில்லை. கதவை ஒருமுறை மூடித் திறந்து பார்த்தாள்.

"அண்ணா, நீயும் ரூபனும் ஒரு கை புடிங்க. இதைத் தூக்கிக் கழட்டுங்க."

"ஏம்மா? கரையான் கிரையான் புடிச்சிருச்சா?" என்றான் அவள் மகன் ரூபன்.

"கழட்டு சாமி. கதவு இருந்தாத்தானே பூட்டுவாங்க."

கீலிலிருந்து கதவைத் தூக்கியெடுத்தார்கள். வாசல் திறந்து கிடந்தது. உள்ளே கஞ்சிரா தட்டத் தொடங்கிவிட்டார்கள். அவள் அந்தக் கதவைச் சந்தில் இரண்டு மாவு டின்களின் மேல் படுக்கப் போட்டாள். முந்தானையால் தூசியைத் துடைத்தாள். டீ டம்ளர்களை அதன்மேல் வரிசையாக வைத்து, முதல் டம்ளரை எடுத்து, ஜீப்பில் ஏறப்போன அதிகாரியிடம் நீட்டினாள்.