பெருநாள் பாட்டுக்குள் ஒரு வேணாம்

ரஹீமா பீவி ஷார்ஜா ரோலாவுக்கு வந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கணவர் முகம்மது சித்தீக்குக்கு பர் துபாயில், செய்கு அலாவுதீன் முதலாளியின் துணிக்கடையில் வேலை. வீட்டில் மூன்று பேருடைய விசாவும் அந்தக் கடையை நம்பித்தான். முதலாளி தன் மகன் ராஜிக்குக்கு சித்தீக்கின் மகள் நஸீஹாவைப் பெண் கேட்டுப் பெருநாளன்று வருகிறார் என்றதும் சித்தீக்குக்குக் கால் தரையில் பாவவில்லை. மகளிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

பெருநாள் காலையில் ரஹீமா வட்டிலப்ப இனிப்புக்கு முட்டை அடித்துக்கொண்டிருந்தபோது நஸீஹா பக்கத்தில் வந்து நின்றாள்.

"உம்மா, ராஜிக்கைக் கெட்டவன்னு சொல்லல. எனக்கு வேணாம், அவ்ளோதான்."

"வாப்பாகிட்ட பேசுறேன்மா."

பேசவில்லை.

அவர்கள் ஊர்க்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பெண்ணுக்கு வளையல் போடும்போது பழைய பெருநாள் பாட்டு ஒன்று பாடுவார்கள். மாப்பிள்ளையின் உம்மா வளையலை நீட்ட, பெண் மூன்று தடவை "வேணாம்" என்று பாட வேண்டும். சுற்றியிருக்கும் பெண்கள் கைதட்டி, "வேணாங்கிற வாய்க்கு வெக்கமின்னு பேரு" என்று எதிர்ப்பாட்டு பாடுவார்கள். மூன்றாவது தடவை வளையல் ஏறிவிடும். பாட்டு நின்றதும் கூடத்தில் ஆண்கள் குர்ஆனின் ஃபாத்திஹா ஓதுவார்கள்; அத்தோடு சம்பந்தம் உறுதி.

ரஹீமாவுக்கும் அப்படித்தான் ஏறியது. அன்றைக்கு அவள் பாடவில்லை, நிஜமாகவே சொன்னாள். "என்னமா பாடுறா" என்று மெச்சினார்கள். சித்தீக் நல்ல மனிதர்தான், அல்லாஹ் குறை வைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பாட்டைக் கேட்டால் இன்றும் அவள் எழுந்து போய்விடுவாள்.

சாயங்காலம் உள் அறையில் பெண்கள் கூடினார்கள். போனில் பாட்டைப் போட்டார்கள். முதலாளியின் மனைவி ரம்ஸியா வளையலோடு நெருங்கினாள்.

"கையக் குடு மருமகளே."

"வேணாம் மாமி."

கைதட்டல் எழுந்தது.

"நெசமாத்தான் மாமி. வேணாம்."

"பார்த்தியளா, இங்க பொறந்த புள்ளைக்கும் நம்ம பாட்டு வருது. ராகம்தான் கொஞ்சம் கொறச்சல்" என்றாள் ரம்ஸியா. அறையே சிரித்தது.

நஸீஹா மூன்றாவது தடவை வாயைத் திறக்கவில்லை. உம்மாவைப் பார்த்தாள். வளையல் விரல் முட்டியில் வந்து நின்றது. ரஹீமா போனை எடுத்துப் பாட்டை நிறுத்தினாள். மகளின் கையை இழுத்துத் தன் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

"லாத்தா" என்று ரம்ஸியாவைப் பார்த்தாள். "அவ பாடல. புள்ளையக் கேக்கணும்னுதானே மார்க்கம் சொல்லுது. கேட்டாச்சு. சொல்லிட்டா."

அப்போதுதான் கூடத்துக் குரல் கேட்டது. பாட்டு நின்றுவிட்டதால் வளையல் ஏறிவிட்டது என்று ஆண்கள் ஃபாத்திஹா ஓதத் தொடங்கியிருந்தார்கள்.

ரஹீமா ஓடிப்போய்க் கூடத்து வாசல் திரையைப் பிடித்தாள். ஓதுகிறபோது குறுக்கே பேச அவளுக்கு மனம் வரவில்லை. மகளுக்காக ஒரு வார்த்தையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு, அல்லாஹ்வின் வார்த்தை முடியக் காத்து நின்றாள். ஆமீன் என்றார்கள்.

"ஏங்க, புள்ள வேணாங்கிறா" என்றாள்.

சித்தீக் திரும்பிப் பார்த்தார். காதில் விழுந்துவிட்டது. முகம் வெளுத்தது. பிறகு வட்டிலப்பத் தட்டை எடுத்து முதலாளியின் பக்கம் நகர்த்தினார்.

"எடுத்துக்குங்க முதலாளி காக்கா. பொம்பளைக ஏதோ வெளையாடிக்கிட்டு இருக்குறாக."