ஹேவாஹெட்டவில் சூடான மெசின்

1. பெரிசு போட்டால் சரியாகுமா?

கண்டி டவுனில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை வைத்தே எனக்குத் தலை நரைத்துவிட்டது. தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் எந்தக் கூலர் நல்லது, எத்தனை ஃபேன் போடலாம் என்று என்னிடம் கேட்பார்கள். அவர்களுக்கு நான் சுகந்தியின் மெசின் கதையைத்தான் சொல்வேன். முழுவதும் கேட்டுவிட்டு, சரி, எந்தக் கூலர் நல்லது என்று மறுபடியும் கேட்கிறவர்களும் உண்டு. அவர்களுக்கு ஒரு தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுவேன்.

சுகந்தி ஹேவாஹெட்டப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. இனிமேல் கட்டப்போகும் வீடுகளை, கட்டி முடித்த வீடு போலவே படமாக்கிக் கொடுப்பது அவள் வேலை. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே செய்துவந்தாள். அந்தப் படங்களை ரெண்டர் பண்ணும்போது, அதாவது கணக்குப் போட்டு முழுப் படமாக வரையும்போது, புரோசசர் மணிக்கணக்கில் ஓயாமல் ஓட வேண்டும். போதாக்குறைக்கு அவள் ஓவர்கிளாக் வேறு செய்திருந்தாள். அதாவது, புரோசசரைச் செய்தவன் இவ்வளவு வேகம் போதும் என்று வைத்த அளவையும் தாண்டி விரட்டுவது. எனக்குப் பிடிக்காத வேலை அது. அடி வாங்குவது புரோசசர் என்றாலும் திட்டு வாங்குவது நாங்கள்தானே.

விரட்டினால் சூடு ஏறும். அதற்குத்தான் லிக்விட் கூலிங். புரோசசரின் தலைமேல் உட்கார்ந்திருக்கும் பம்ப், சூட்டைத் திரவத்தில் ஏற்றி ரேடியேட்டருக்கு அனுப்பும். ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே ஃபேன் காற்றைத் தள்ளி அந்தச் சூட்டை ஆற்றும். கார் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முதல் தடவை, ரெண்டர் பாதியில் மெசின் அணைந்துபோகிறது என்று கடைக்குக் கொண்டுவந்தாள். ரேடியேட்டர் தகடுகளில் பிசுக்குப் பிடித்திருந்தது. தோட்டத்து வீடு, விறகடுப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பெரிசாகப் போட்டுத் தாருங்கள் என்றாள். இரண்டு ஃபேன் ரேடியேட்டரைக் கழற்றிவிட்டு, மூன்று ஃபேன் உள்ளதை மெசினின் வெளிக்கூடான கேசிங்கின் முன்பக்கம் பூட்டினேன். கடையில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை. சில மாதங்களில் போன் வந்தது. மறுபடியும் அணைகிறதாம்.

எனக்கு எரிச்சலாக வந்தது. கண்டி வெயிலில் ஒழுங்காக ஓடிய மெசின், சுவெட்டர் இல்லாமல் இருக்க முடியாத ஹேவாஹெட்டவில் கொதிக்கிறதென்றால் யாரிடம் சொல்வது? ஓவர்கிளாக்கை எடுத்துவிடச் சொன்னேன். எடுத்தால் படங்கள் நேரத்துக்குப் போய்ச் சேராது என்றாள். முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள், அவளும் என்னை அப்படித்தான்.

“ஏற்கெனவே லேட்டாயிருச்சு நானா. இந்தத் தடவையும் பிந்துனா வேலைய வேற ஆளுக்குக் குடுத்துருவோம்னு சொல்லிட்டாங்க. இதவிட பெரிய கூலரா பாத்து எடுத்துக்கிட்டு வாங்க.”

2. காலைப் பூசை

இருப்பதில் பெரிய ரேடியேட்டரை மடியில் வைத்துக்கொண்டு மறுநாள் விடியலில் பஸ் ஏறினேன். சுகந்தியின் அப்பா சந்திக்கே வந்து என்னை வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஸ்டோர் என்று சொல்லும் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்தைக் காயவைக்கும் டிரையர் பக்கம் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மெசின் இருந்தது சின்ன அறை. பனிக்குப் பயந்து ஜன்னலை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள். கேசிங்கில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அதில் அதிசயம் இல்லை, என் கடைக்கு வரும் மெசின்களில் பாதி பொட்டு வைத்துக்கொண்டுதான் வரும்.

முன்பக்கத்தைத் திறந்தேன். நான் பூட்டிய புது ரேடியேட்டரா இது என்று இருந்தது. தகடுகள் கறுத்து, இடுக்கெல்லாம் அடைத்துக் கிடந்தன. பிரஷ் வைத்தால் ஒட்டிக்கொண்டது. முகர்ந்து பார்த்தேன். விறகுப் புகை இல்லை. வெள்ளி இரவுகளில் எங்கள் வீட்டில் மணக்கும் அதே மணம்.

அந்த நேரம் பார்த்து அப்பா சாம்பிராணிச் சட்டியோடு வாசலில் வந்து நின்றார். “முடிஞ்சிருச்சாங்க தம்பி? சாமி கும்பிட்டுட்டா புள்ள வேலைய தொடங்கிரும்.” கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். தணல் ஆறிவிடும் என்று சட்டியோடு குசினி அடுப்படிக்குத் திரும்பிப் போனார்.

சுகந்தி விவரம் சொன்னாள். ஸ்டோரில் பூசையன்று மெசின்களுக்குச் சாம்பிராணி காட்டிய பிறகுதான் ஓட்டுவார்களாம். இந்த மெசின் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அப்பா தினமும் காலையில் இதற்கும் காட்டுகிறாராம். சாத்திய அறை, ஓடும் ஃபேன், அதன் முகத்துக்கு நேரே புகை. சாம்பிராணிப் பிசினும் தூசியும் சேர்ந்து தகடுகளை மூடிவிட்டன. ரேடியேட்டரைப் பெரிசாக்கி நாங்கள் கண்ட பலன், புகையை இழுக்க இன்னொரு ஃபேன் கொடுத்ததுதான்.

காரணத்தைச் சொன்னதும் அவள் முகம் வாடிவிட்டது.

“அப்பாகிட்ட சொல்லாதீங்க நானா. கம்ப்யூட்டர பத்தி அவருக்கு ஒண்ணும் தெரியாது. எனக்காக அவரால செய்ய முடிஞ்சது இது மட்டுந்தான்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு.”

புதியதைப் பூட்டிவிடுங்கள், அடிக்கடி துடைத்துக்கொள்கிறேன் என்றாள். எனக்கென்ன, பூட்டிவிட்டுப் போகலாம். ஆனால் பிசின் துடைத்தால் போகிற தூசி அல்ல. கொஞ்ச நாளில் மறுபடியும் அடைக்கும், இவள் வேலை போகும். தன் புகையால்தான் போனது என்று அதற்குப் பிறகு தெரியவந்தால் அந்த மனுசன் தாங்கமாட்டார். இன்றைக்கே நோகட்டும் என்று முடிவெடுத்தேன். அவரைக் கூப்பிட்டேன். சட்டியோடே வந்து அதைக் கீழே வைத்தார்.

“ஐயா, கோவிச்சுக்க வாணாம். சாம்பிராணிப் பொக இதுக்குள்ள போய் ஒட்டி ஈக்கி. காத்து போக வழி இல்ல. அதுதான் மெசின் சூடாகி நிக்கிது.”

அவர் ரேடியேட்டரை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிச்சம் மறுபக்கம் வரவில்லை. டிரையரில் வேலை செய்தவருக்குக் காற்று அடைத்தால் என்னவாகும் என்று நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“அப்ப, இத்தன நாளா புள்ள பொழப்ப கெடுத்துக்கிட்டு இருந்தது நாந்தானா?”

சுகந்தி ஏதோ சொல்ல வந்தாள். அவர் நிற்கவில்லை. சட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போய் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

3. எங்கே காட்டுவது?

ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும் கொண்டு தகடுகளைக் கழுவினேன். புளோவரால் ஊதினேன். ரேடியேட்டரின் அந்தப் பக்கத்துச் சுவர் தெரியும் வரைக்கும் விடவில்லை. சூடு மேலே வெளியேறும்படி கேசிங்கின் மேற்பக்கம் பூட்டினேன். ஜன்னலைத் திறக்கச் சொன்னேன். கொண்டுபோன பெரிய ரேடியேட்டரைப் பெட்டியிலிருந்து எடுக்கவே இல்லை. சுகந்தி ரெண்டரைத் தொடங்கினாள்.

காத்திருக்கும் நேரத்தில் எனக்குள்ளே சொல்லிக்கொண்டதைத்தான் இன்று உங்களுக்கும் சொல்கிறேன். மெசினைத் திறக்கும் முன்னால், அது எந்த அறையில் இருக்கிறது, அந்த அறையில் யார் என்ன செய்கிறார்கள் என்று கேளுங்கள். பெரிய கூலரைப் பற்றி அதற்குப் பிறகு பேசலாம். கேட்டுத் தெரிந்துகொண்டால் அதைச் சொல்லும் பாரமும் உங்கள் தலையில்தான் விழும். அந்தப் பாரம் எனக்கு இன்னும் பழகவில்லை.

வழக்கமாக அணைந்துபோகும் இடத்தைத் தாண்டிப் படம் ஓடியது. சூட்டைக் காட்டும் இலக்கம் ஏறவில்லை. படம் முழுசாக வந்ததும் சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு, எழுந்து வாசலுக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

“இனிமே அந்த ரூம் பக்கமே வரல புள்ள” என்றார் அப்பா, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் உள்ளே போய் அடுப்பிலிருந்து புதுத் தணல் எடுத்துவந்தாள். அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்து, சட்டியில் அதைப் போட்டு ஊதினாள். சாம்பிராணியைக் கிள்ளிப் போட்டாள். முடிந்திருந்த கூந்தலை அவிழ்த்துவிட்டு, சட்டியை அவர் கையில் கொடுத்தாள்.

“மெசினுக்கு வேணாம்ப்பா. வேலை செய்யிறது நாந்தானே. எனக்குக் காட்டுங்க.”