வளைவுக்கு விழுந்த வாக்குகள்

வரவேற்பு வளைவுக்கு நானும்தான் வாக்குப் போட்டேன். காரணம் இன்னும் வெட்கக்கேடு: வளைவில் பொறிக்க நாலு வரிப் பாட்டு வேண்டும், அதை எழுத ஊரில் என்னை விட்டால் ஆளில்லை என்று எனக்கொரு நம்பிக்கை. பாட்டை முதலே எழுதியும் வைத்துவிட்டேன்.

கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு மொத்தமாக வந்த நிதியில், சரவணைக் கிராமத்தில் எங்கள் பக்கத்துக்கும் ஒரு துண்டு கிடைத்தது. எதற்குச் செலவழிப்பதென்று ஊரே தீர்மானிக்கலாம் என்றார்கள். கிராம அபிவிருத்திச் சங்கச் செயலாளரான நான், சனநாயகத்தை நவீனமாக்கும் ஆசையில், ஊர் வட்ஸ்அப் குழுவில் வாக்கெடுப்பு வைத்தேன். ஊர் முகப்பில் வளைவா, ஒழுங்கை முடிவில் குடிநீர்த் தாங்கியா? ஒரே நாளில் ரொறன்ரோவும் சூரிச்சும் லண்டனும் சேர்ந்து வளைவை வெல்ல வைத்தன.

சங்கத்திடம் தாங்கி கேட்டவ ஒழுங்கையின் கடைசி வீட்டுத் தங்கச்சி. எங்கள் கிணறுகள் உவர். தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி, உள்ளே இறக்கத் தாங்கி இல்லாததால், சந்தியோடு நின்றுவிடும். படுக்கையில் கிடக்கும் தன் மாமியைத் தனியே விட்டுவிட்டு, இரண்டு தண்ணீர்க் கான்களைச் சைக்கிளில் கட்டி, எதிர்காற்றில் உருட்டி வருவா. ஒருமுறை வந்து பார்க்க, மாமி கட்டிலால் விழுந்து கிடந்தா. வட்ஸ்அப் பார்க்கிற போன் அவவிடம் இல்லை. அது எனக்குத் தெரியும். வாக்கெடுப்பு வைத்த அன்று மட்டும் நினைவுக்கு வரவில்லை.

முடிவைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனேன். அபிவிருத்தி உத்தியோகத்தர் என் மகள் வயதுக்காரி. வாக்குப் போட்டவர்களின் பட்டியலை இரண்டு தரம் பார்த்தா.

"ஐயா, இதில எத்தினை பேர் இஞ்ச தண்ணி குடிக்கினம்?"

"எல்லாரும் ஊராக்கள்தான் மிஸ். திருவிழாவுக்கு வருவினம்."

"திருவிழா முடிய?"

அதிகாரப் பரவலாக்கல் பற்றித் தடித்த புத்தகங்கள் வாசித்தவன் நான். இந்தக் கேள்வி அவற்றில் ஒன்றிலும் இல்லை.

"இதை மேல அனுப்ப ஏலாது ஐயா. இருக்கிற ஆக்களைக் கூட்டுங்கோ, நானும் வாறன். ஆர் எவ்வளவு தூரம் போய்த் தண்ணி எடுக்கினம் எண்டு முதல்ல எழுதுவம். கையைப் பிறகு உயர்த்துவம்."

வாசிகசாலையில் கூடினோம். தூரங்களைக் கொப்பியில் எழுதியது நான்தான். எழுதி முடிய, வளைவுக்கென்று ஒரு கையும் உயரவில்லை. என் கை மடியிலேயே கிடந்தது.

ஒழுங்கை முடிவில் தாங்கி வந்தது; அதை நிரப்பப் பவுசரும் உள்ளே வந்தது. தங்கச்சியின் முதல் கான் நிரம்பும்போது, பாட்டை வாசித்துக் காட்டி, இதைத் தாங்கியில் எழுதினால் என்ன என்று மெல்லக் கேட்டேன்.

அவ கானை மூடினா.

"'பைப்பை இறுக்கிப் பூட்டவும்' எண்டு எழுதிவிடுங்கோ அண்ணை. அது காணும்."