வெல்டிங் வெளிச்சத்தில் விழுந்த குஞ்சுகள்

ஸ்ரீரங்கத்தை அடுத்த மேலூரில், தைரியராஜின் வெல்டிங் பட்டறைக்குப் பின்னால்தான் அவர் மனைவி சந்திரம்மாள் நாட்டுக்கோழி வளர்க்கிறாள். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு காலை, அவர் ஓர் இரும்பு கேட்டுக்கு வெல்டிங் பற்ற வைத்ததும் மூன்று குஞ்சுகள் கழுத்தை முறுக்கிக்கொண்டு விழுந்து காலை உதைத்தன. இரண்டு நிமிடம். பிறகு எழுந்து குருணை பொறுக்கின.

"கழிச்சல் நோயா இருக்கும். அறுத்துடு," என்றார் தைரியராஜ்.

"கழிச்சல்னா உடனே எந்திரிச்சு தீனி திங்குமா? இன்னொரு தடவ வைங்க, பாப்போம்."

வைத்தார். அதே மூன்றும் விழுந்தன. மற்ற இருபதும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றும் சாம்பல் கோழியின் குஞ்சுகள். அதையும் அதன் சேவலையும் தனியாக அடைத்தாள். அடுத்த அடையில் பொரித்த பதினொன்றில் மூன்று விழுந்தன. பத்தாவதோடு படிப்பை நிறுத்தியவள், ஒவ்வொன்றின் காலிலும் நம்பர் கட்டி நோட்டுப் போட்டு எழுத ஆரம்பித்தாள்.

நோட்டைப் பார்த்த கால்நடை டாக்டர், திருச்சியில் வலிப்பு பற்றி ஆராயும் இர்பானாவிடம் சொல்ல, அவள் மறுநாளே ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள்.

"இது பரம்பரையா வர்ற வலிப்புக்கா. மூளையில ஒரு ரசாயனம் நரம்ப முடுக்கும், இன்னொண்ணு அடக்கும். இதுங்களுக்கு அது எங்க தப்புதுன்னு பாக்கணும்னா..." என்று இழுத்தாள்.

"அறுக்கணும், அதானே? வலி தெரியாமப் போகணும். அத மட்டும் உறுதியாச் சொல்லுங்க மேடம்."

இர்பானா உறுதி சொன்னாள். ஆராய்ச்சிக்கு அனுமதி வருவதற்குள் குஞ்சுகள் வளர்ந்து அவையும் குஞ்சு பொரித்துவிட்டன. எல்லாம் நோட்டில் ஏறியது.

முடிவு வந்த அன்று சந்திரம்மாள் திருச்சிக்குப் போனபோது, இர்பானா கம்ப்யூட்டர் முன் சோர்ந்து உட்கார்ந்திருந்தாள். திரையில் கோழிக்கு ஒன்றாக, நம்பரோடு புள்ளிகள். முடுக்கும் ரசாயனம் வலிப்புக் கோழிகளுக்கு உச்சத்தில் இருந்தது. வலிப்பு வராதவைதான் கீழேயும் நடுவிலுமாகச் சிதறிக் கிடந்தன.

"விழாததெல்லாம் கீழதான இருக்கணும்? அளந்ததுல தப்பு போலக்கா."

சந்திரம்மாள் நடுவில் இருந்த நம்பர்களை விரலால் தொட்டுக்கொண்டே போனாள்.

"தப்பில்ல மேடம். இதுங்க ஒருநாளும் விழல. ஆனா இதுங்க குஞ்சுங்க விழுந்துச்சு. நோட்டப் பாருங்க."

இர்பானா நோட்டைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். நடுவில் நின்ற ஏழும் அப்படித்தான். கீழே இருந்தவற்றில் ஒன்றின் குஞ்சுகூட விழுந்ததில்லை. இருவரும் மதியச் சாப்பாட்டை மறந்து மூன்று தடவை சரிபார்த்தார்கள்.

"கட்டுரையில உங்க பேரும் வரும்க்கா," என்றாள் இர்பானா.

திரும்பும்போது பஸ்ஸில் சீட் இருந்தும் சந்திரம்மாளால் உட்கார முடியவில்லை. காவிரிப் பாலத்தில் தைரியராஜுக்குப் போன் போட்டாள்.

"என்னங்க, அப்பன், ஆத்தா ரெண்டு பக்கமும் குறை வந்தாத்தான் விழுமாம். ஒரு பக்கம் மட்டும் வந்தா நடுவுல நிக்குதுங்க. நான்தாங்க அதக் கண்டுபிடிச்சேன். இருங்க, கண்டக்டர் ரெண்டு தடவ கேட்டுட்டாரு, டிக்கெட் எடுத்துட்டுப் பேசுறேன்."