மாவுப்பூச்சி என்று ஒத்துக்கொண்டவர்கள்

அனுமந்தன்பட்டியில் தையல்கடை வைத்திருந்த இவாஞ்சலினுக்குப் பூச்சிகள் மேல் தீராத ஆசை. போனில் சின்ன லென்ஸை மாட்டிப் படமெடுப்பாள். யார் வேண்டுமானாலும் உயிரினங்களுக்குப் பெயர் சொல்லக்கூடிய ஒரு செயலியில் ஏற்றுவாள். இன்னும் இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் அந்தப் பெயருக்குப் பச்சை முத்திரை விழும்.

அவளுக்கு முத்திரை தாமதமானதே இல்லை. சின்னம்மா மகள் ரோஸ்லின், கொழுந்தன் எட்வின் எல்லாரையும் அவள்தான் அதில் சேர்த்துவிட்டிருந்தாள். அவர்கள் போட்டதை அவள் ஒத்துக்கொள்வாள்; அவள் போட்டதை அவர்கள். கல்யாண வீட்டு மொய் மாதிரிதான். திருப்பிச் செய்யாவிட்டால் எந்த முகத்தோடு போய் நிற்பது?

வெயில் ஏறிய ஒருநாள், தம்பி கிங்ஸ்லி திராட்சைத் தோட்டத்திலிருந்து படம் அனுப்பினான்.

"யக்கா, மாவுப்பூச்சி இம்புட்டுப் பெருசா இருக்குமா? மருந்தடிக்கவா?"

உடம்பெல்லாம் வெள்ளை மாவு. படத்தைச் செயலியில் ஏற்றி 'மாவுப்பூச்சி' என்று போட்டாள். டீ ஆறுவதற்குள் முத்திரை விழுந்தது. கிங்ஸ்லி மருந்தடித்துவிட்டான்.

மறுநாள் அந்தப் படத்தின் கீழே முகம் தெரியாத ஒருவர் கேட்டிருந்தார்: "இது வேகமாக ஓடியதா? மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவும் இப்படித்தான் இருக்கும். படத்தை மட்டும் வைத்து என்னால் சொல்ல முடியவில்லை."

அவள் தம்பியைக் கூப்பிட்டாள். "அது ஓடுச்சாடா?"

"கைய வச்சா சரசரன்னு ஓடுச்சுக்கா. ஏன்?"

"அப்ப நீ மருந்தடிச்சுக் கொன்னது பொறிவண்டுப் புழுவடா."

தின்ன ஆளில்லாமல் நிஜ மாவுப்பூச்சி கொத்துக்கொத்தாய் அடைந்தது. பந்தலுக்குள் நுழைந்த வியாபாரி விலை பேசாமலே போனார். கிங்ஸ்லி அக்காவை ஒரு சொல் சொல்லவில்லை. அதுதான் அவளை அறுத்தது.

"அந்தப் படத்தைப் பார்த்தியாடி?" என்று ரோஸ்லினிடம் கேட்டாள்.

"நீங்க போட்டிருந்தீக, நானும் போட்டேன். எனக்கென்ன தெரியும்? நான் ஏத்துன சிலந்திப் படத்துக்கு நீங்க போடலையா?"

அந்தப் படத்தை அவளும் பார்த்ததில்லை.

பார்க்காமல் ஒத்துக்கொண்டதையெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள். "மதினி மொய்யத் திருப்பி வாங்குறாக" என்று எட்வின் கேலி செய்தான். ரோஸ்லின் ஒரு மாதம் பேசவில்லை.

அடுத்த காய்ப்பில் கிங்ஸ்லி அவளைத் தோட்டத்துக்கே வரச்சொன்னான். அவன் முதுகில் மருந்து டேங்க். இலையடியில் சாம்பல் நிறத்தில் கடுகளவு ஏதோ ஒட்டியிருந்தது.

"என்னக்கா இது?"

லென்ஸில் வெகுநேரம் பார்த்தாள். "தெரியலடா."

"சும்மா தோணுறதச் சொல்லு."

"தோணுனதச் சொல்லித்தான போன தடவ உன் பந்தலக் கெடுத்தேன்."

அவன் டேங்க்கைக் கழற்றிக் கல்தூணோரம் வைத்தான். இலைக்கருகில் மெல்ல விரலைக் கொண்டுபோனான். அது அசையவில்லை. இருவரும் இலையடியில் குந்திக் காத்திருந்தார்கள்.